பொசிஷன் ஏழின் பெயர்

அன்று காலை பத்து மணி நாற்பது நிமிடம். தொலைபேசி எக்ஸ்சேஞ்சின் சோதனை அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கன்டோன்மென்ட் பக்கம் போகும் கேபிளில் எங்கே ஈரம் இறங்கியிருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சோதனைக்கும் நேரம் குறிக்கவேண்டும் என்பதால் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பது எனக்குத் தொழில் பழக்கம். லைனில் மேற்பார்வையாளர் ரோஸி அக்காவின் குரல் வந்தது. "தம்பி, ஹெட்போனைக் கழட்டி வச்சிட்டு மேல வாப்பா" என்றார். "ஆஸ்பத்திரியில இருந்தா அக்கா?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. எந்த லைனிலும் யாரையும் பதிலுக்குக் காத்திருக்க வைக்காதவர் ரோஸி அக்கா.

நான் உடனே கழற்றவில்லை. அளவு எடுத்து முடித்தேன். ஈரம் எங்கே என்று தெரிந்தது. எந்தக் கேபிள் குழியின் மூடியைத் திறந்து பார்க்கவேண்டும் என்று லைன்மேனிடம் சொல்லிவிட்டுத்தான் படியேறினேன். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அன்று நடந்தது இதுதான்.

அன்று இறந்துபோனவள் என் மனைவி. நம் ஊழியர் மன்றத்தின் இந்த மலரைப் படிக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அவள் குரல் தெரியும். வெளியூர் அழைப்புகளை இணைக்கும் ட்ரங்க் போர்டில் ஏழாவது இருக்கை. வெளியூர் ஆபரேட்டர்களுக்கு அவள் 'பெங்களூர் பொசிஷன் ஏழு', அவ்வளவுதான். அவளைத் தெரியாத மற்றவர்களுக்காகவும் எழுதச் சொன்னார்கள். அவள் பெயரை நான் இன்னும் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதைச் சொல்லும் உரிமை முதலில் வேறொருவருக்கு இருக்கிறது. அவர் சொல்லும் இடத்தில் அது வரும்.

அவர் அவளுடைய தந்தை. என் மாமனார். சிவாஜிநகரில் பெருங்காய வியாபாரம். அக்கம்பக்கத்தார் அவரைப் பட்டாணியர் என்பார்கள். அவருக்கு அது போதாது. சொன்னவரை உட்காரவைத்துத் திருத்துவார். பட்டாணியரில் கில்ஸாய், கில்ஸாயில் கரோட்டி, கரோட்டியில் இன்ன கேல். 'கேல்' என்றால் ஒரே முப்பாட்டனின் வழிவந்த கிளை. அவருடைய கேல் கோடையை கஜ்னி மேட்டுநிலத்தில் கழிக்கும். குளிர் தொடங்கியதும் கூடாரம், குழந்தை, கோழி எல்லாவற்றையும் ஒட்டகத்தில் ஏற்றி கோமல் கணவாய் வழியே சிந்து நதிப் பக்கம் இறங்கும். குடும்பங்களை அங்கே விட்டுவிட்டு ஆண்கள் பெருங்காயத்தையும் உலர்பழங்களையும் மூட்டை கட்டி ரயிலேறுவார்கள். கல்கத்தா, பம்பாய், மதராஸ், பெங்களூர். வசந்தம் வரும்போது திரும்பிப் போவார்கள். மாமா ஒரு வசந்தத்தில் திரும்பிப் போகவில்லை. ஆம்பூரிலிருந்து வந்து சிவாஜிநகரில் குடியிருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண்ணை மணந்துகொண்டார். அவர்களுக்கு ஒரே மகள்.

பட்டாணிய ஆண்கள் தங்கள் வீட்டுப் பெண்களின் பெயரை வெளியார் காதில் விழும்படி சொல்வதில்லை. அது மானத்தோடு சேர்ந்த விஷயம். ஆம்பூர்ப் பெண்ணோ புருஷன் பெயரைச் சொல்லாத வழக்கத்தில் வளர்ந்தவர். "எங்க வீட்ல ரெண்டு பேருக்கும் பேரே கிடையாது" என்பாள் என் மனைவி. "ரேஷன் கார்டு எழுத வந்த ஆளு அம்மாவ கேட்டான், சொல்லல. பாபாவ கேட்டான், சொல்லல. கடைசியில என்னைக் கேட்டான். நான்தான் ரெண்டு பேருக்கும் பேரு வச்சேன்." மகளையும் மாமா 'பச்சே' என்றுதான் கூப்பிடுவார். அவர் மொழியில் குழந்தை என்று பொருள்.

நாடு விடுதலையானபோது அவள் பள்ளிக்கூடச் சிறுமி. அதற்குப் பிறகு ஒருநாள் அயல்நாட்டார் எல்லோரும் வந்து பதிந்துகொள்ளவேண்டும் என்று மாமாவைப் போலீஸ் நிலையத்துக்கு அழைத்தார்கள். மாமாவுக்குக் கன்னடம் வராது. மகளைக் கூட்டிக்கொண்டு போனார். எந்த நாடு என்று அதிகாரி கேட்டார். மாமா "கில்ஸாய்" என்றார். அது எங்கே இருக்கிறது என்று அதிகாரி கேட்டார். கோடையில் ஒரு நாட்டில், குளிரில் ஒரு நாட்டில், நடுவில் கோடு போட்டது நாங்கள் இல்லை என்று மாமா நெடுநேரம் விளக்கினார். அவ்வளவையும் கேட்டுக்கொண்டு அவள் கன்னடத்தில் "ஆப்கானிஸ்தான், சார்" என்று முடித்தாள். வெளியே வந்ததும் என்ன சொன்னாய் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட மாமா வீடு வரை அவளோடு பேசவில்லையாம். "அங்க ராஜா துரானி. நான் என்ன துரானி ஆளா?" என்பதுதான் அவருடைய மனத்தாங்கல். துரானிகள் பட்டாணியரிலேயே இன்னொரு பெரிய கூட்டம். கில்ஸாய்களுக்குப் பரம்பரைப் போட்டி.

பள்ளி முடித்ததும் எக்ஸ்சேஞ்சில் வேலைக்கு மனுப் போட்டாள். தாய் அப்போது உயிரோடு இல்லை. கண்டவனெல்லாம் மகளின் குரலைக் கேட்பதா என்று மாமா மறுத்தார். அவள் சண்டை போடவில்லை. "முகம் தெரியாது. பேரு சொல்லக் கூடாதுன்னு அவங்களே ரூல் வச்சிருக்காங்க. இதைவிட நல்ல பர்தா எது பாபா?" என்று கேட்டாள். மறுவாரம் அவரே மனுவில் கையெழுத்திட்டார்.

அவள் வேலையை நான் முதலில் கேட்டது ஒரு மழைக்காலத்தில். மதராஸ் லைன் முழுவதும் அறுந்துபோயிருந்தது. கோலாரிலிருந்து ஒரு பெரியவர், மதராஸ் மருத்துவமனையில் இருக்கும் மகனோடு பேசவேண்டும் என்று அழுதுகொண்டிருந்தார். சோதனை அறையிலிருந்து நான் அந்த லைனில் காது வைத்திருந்தேன். அவள் ஹூப்ளியைக் கூப்பிட்டாள். ஹூப்ளி பூனாவைப் பிடித்தது. பூனா பம்பாயை, பம்பாய் மதராஸை. தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டு ஒருவழியாக லைன் கிடைத்தது, ஆனால் குரல் தேய்ந்து போயிற்று. பெரியவர் சொன்னதை அவள் சொன்னாள், அவள் சொன்னதை பூனா சொன்னது. "அப்பா சாப்டாராம், நீ கவலைப்படாதேங்கிறாரு" என்ற வாக்கியம் நாலைந்து ஊர் கடந்து போய்ச் சேர்ந்ததை நான் கேட்டேன்.

அன்று கேன்டீனில் வலியப் போய்ப் பாராட்டினேன். "இது ஒண்ணும் பெரிசில்ல. எங்க ஆளுங்க கணவாய் தாண்டறதே இப்படித்தான்" என்றாள். அந்த மலைகளில் வழிப்போக்கனை ஒரு குலம் தன் எல்லை வரை துணைக்கு வந்து அடுத்த குலத்திடம் ஒப்படைக்கும். அங்கிருந்து அவன் உயிருக்கு அவர்கள் பொறுப்பு. அதற்கு பத்ரகா என்று பெயராம். "பகையா இருந்தாலும் எல்லை வரைக்கும் கொண்டு விட்டுட்டுத்தான் மத்ததெல்லாம்."

கில்ஸாய் என்பது ஒரு குலமல்ல, பல குலங்களின் கூட்டு என்பதையும் அந்தக் கேன்டீனில்தான் தெரிந்துகொண்டேன். ஹோட்டக், டோக்கி, கரோட்டி, சுலைமான் கேல் என்று எத்தனையோ. சாதாரண நாளில் மேய்ச்சலுக்கும் தண்ணீருக்கும் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்வார்கள். வெளியாள் ஒருவன் எதிரே வந்து நின்றால்தான் எல்லோரும் கில்ஸாய். "நம்ம பெங்களூர் தமிழாளுங்க மாதிரிதான்" என்று சிரித்தாள். "ஸ்ரீராம்புரத்துல ஆற்காட்டுக்காரன் வேற, தர்மபுரிக்காரன் வேற. மெஜஸ்டிக்ல எவனாவது வம்புக்கு வந்தா அப்ப எல்லாரும் தமிழன்."

இரண்டு நூற்றாண்டுக்கு முன்பு ஹோட்டக் குலத்தார் காந்தஹாரிலிருந்து புறப்பட்டுப் போய்ப் பாரசீகத் தலைநகரையே பிடித்து ஆண்டார்கள். விருந்தாளி யார் வந்தாலும் மாமா அதைச் சொல்லாமல் விடமாட்டார். "இஸ்பஹானை ஆண்டவங்க நாங்க" என்று அவர் தொடங்கியதும் உள்ளேயிருந்து "எத்தனை வருஷம் பாபா?" என்று குரல் வரும். ஏழெட்டு வருடம்தான். மாமா இருமிவிட்டு டீ ஊற்றுவார்.

கப்பன் பார்க் நூலகத்தில் ஒரு புத்தகம் படித்துவிட்டு, கில்ஸாய்கள் ஆதியில் துருக்கியராக இருக்கலாமாம், பட்டாணியரோடு வாழ்ந்து பட்டாணியர் ஆனார்களாம் என்று ஒருநாள் தந்தையிடம் சொன்னாள். அவர் தட்டிலிருந்து எழுந்து போய்விட்டார். என்னிடம் சொல்லும்போது அவளுக்கு அதில் வருத்தமே இல்லை. "பொறந்து ஆனவங்க கம்மி. கூட நடந்து ஆனவங்கதான் ஜாஸ்தி. என்னையே பாருங்க, பாதி ஆம்பூர்" என்றாள்.

பெண் கேட்டு நான் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் வாணியம்பாடிக்காரன், லெப்பைக் குடும்பம். மதத் தடை ஏதும் இல்லை என்ற தைரியத்தில் போனேன். பம்பாயிலிருந்து வந்திருந்த உறவினர் இருவர் மாமாவோடு கம்பளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மரியாதையாகத் தொடங்கவேண்டும் என்று நினைத்து, இன்னார்தான் என்னை வரச்சொன்னார்கள் என்று அவள் பெயரைத் தெளிவாகச் சொன்னேன். விருந்தாளிகள் இருவரும் ஒரே நேரத்தில் கம்பளத்தைப் பார்த்துக் குனிந்தார்கள். திரைக்குப் பின்னால் கோப்பைச் சத்தம் நின்றது. மாமா கோபிக்கவில்லை. டீ குடிக்கச் சொன்னார். பிறகு என் முன்னோரின் பெயர்களை வரிசையாகச் சொல்லச் சொன்னார். கொள்ளுத்தாத்தா வரை சொன்னேன். அவர் தோல் மண்டியில் உப்புப் போட்டவர். அதற்கு மேல் தெரியாது என்றதும் மாமா விருந்தாளிகளிடம் பஷ்தோவில் ஏதோ சொன்னார், சிரித்தார்கள். "மூணு தலைமுறைதானாம், இப்பத்தான் மழைக்கு முளைச்சாங்க போலன்னாரு" என்று மறுநாள் அவள் மொழிபெயர்த்தாள்.

அவர்கள் போனபின் மாமா மகளிடம் முடிவைச் சொன்னார். "நாங்க பொண்ணு எடுப்போம். குடுக்கமாட்டோம்."

இங்கே கில்ஸாய்களின் ஆதிக் கதையைச் சொல்லவேண்டும். பட்டாணியரின் வம்சங்கள் தந்தையிலிருந்து மகனுக்கு என்றுதான் போகும். கில்ஸாய்களுடையது மட்டும் ஒரு மகள் வழியாக வருகிறது. அவர் பெயர் மத்தோ பீவி. அவருடைய தந்தை பெரிய மகான். கோர் நாட்டிலிருந்து தப்பி வந்த இளவரசன் ஒருவன் அவர் கூடாரத்தில் விருந்தாளியாக அடைக்கலம் புகுந்தான். மத்தோ பீவி அவனை மணந்தார். அவர்கள் பிள்ளைகளின் வழிதான் இத்தனை குலங்களும். வேண்டாதவர்கள் சொல்லும் கதையில் காதல் முந்தி, கல்யாணம் பிந்தி. மாமா அந்தப் பகுதியைச் சொல்லமாட்டார். அவள் விடாமல் சொல்வாள்.

அன்று அவள் கேட்டது இதுதான். "மத்தோ பீவிய யாருக்குக் குடுத்தாங்க பாபா? எங்கிருந்தோ வந்த விருந்தாளிக்கு. அன்னிக்கு அவங்க அப்பா மாட்டேன்னு சொல்லியிருந்தா, இன்னிக்கு நீங்க யாரு?"

நிக்காஹ் நடந்தது. அதன்பின் கேபிள் குழியிலிருந்து கறுத்த கையோடு நான் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் மாமா "வாங்க, கோர் இளவரசரே" என்பார்.

திருமணமான புதிதில் ஒருநாள் அவள் என்னைக் கபரஸ்தானுக்குக் கூட்டிப்போனாள். பெண்கள் உள்ளே போகும் வழக்கம் இல்லாததால் மதிலுக்கு வெளியே நின்று, தன் தாயின் கல் எது என்று கை காட்டினாள். நான் போய்ப் பார்த்தேன். 'கரோட்டி கில்ஸாய் இன்னாரின் மனைவி' என்று மட்டும் வெட்டியிருந்தது. திரும்பி வந்ததும் தாயின் பெயரை என்னிடம் சொன்னாள்.

"எங்கயும் எழுதல. எனக்குத் தெரியும், இப்ப உங்களுக்குத் தெரியும், அவ்ளோதான். பாபாகிட்ட சண்டை போட்டுப் பாத்துட்டேன். மத்தோ பீவி பேரை எல்லாரும் சொல்றீங்களே, அம்மா பேரை ஏன் சொல்லக்கூடாதுன்னேன். அவங்க வேற, அவங்க எல்லாருக்கும் தாய்ங்கிறாரு." பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னாள். "என் கல்லுல என் பேரு இருக்கணும்ங்க. அதை நீங்க பாத்துக்கணும்."

விளையாட்டாகப் பேசுகிறாள் என்று நினைக்க எனக்கு வழியில்லை. சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சலில் அவள் இதயத்தின் வால்வு கெட்டுப்போயிருந்தது. டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துத்தான் சொல்லியிருந்தார். அவளிடம் சரி என்றேன்.

கடைசி வாரங்களில் மாமா தினமும் மாதுளம்பழத்தோடு மருத்துவமனைக்கு வருவார். நர்ஸ்கள் அவளைக் கட்டில் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "பாபா, பாருங்க, இங்கயும் நம்பர்தான். உங்க மானம் பத்திரம்" என்று சீண்டுவாள். அவர் மாதுளை உரித்துக்கொண்டிருப்பார். அப்படியொரு காலை வேளையில்தான் எனக்கு ரோஸி அக்காவின் அந்த அழைப்பு வந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் கல் வெட்டுபவர் வீட்டுக்கு வந்தார். என்ன எழுதவேண்டும் என்று கேட்டார். மாமா உடனே சொன்னார். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி. நான் அவளுக்குக் கொடுத்த வாக்கைச் சொன்னேன். மாமா என்னைப் பார்க்கவில்லை.

"தெருவுல போறவன் நின்னு என் பொண்ணு பேரைப் படிக்கணுமா, பேட்டா?"

மகளைப் புதைத்துவிட்டு வந்தவரோடு வாதாட எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு என்ன சொன்னேன் என்பதும் எனக்கு மறக்கவில்லை. யோசித்துவிட்டுச் சொல்கிறோம் என்று கல் வெட்டுபவரை அனுப்பிவைத்தேன்.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்து எல்லோரும் போனபின், தொலைபேசி அடித்தது. கேபிள் கோளாறுக்கு என்னைக் கூப்பிடுவதற்காக இலாகா கொடுத்தது அது. மாமா அதுவரை அதைத் தொட்டதில்லை. நான் எழுந்திருக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்றிருந்த மாமா எடுத்துக் காதுக்குக் கொஞ்சம் தள்ளியே பிடித்தார். அதனால் எனக்கும் கேட்டது. ஒரு பெண் குரல்.

"மதராஸ் ட்ரங்க்ல இருந்து பேசறேங்க. பெங்களூர் பொசிஷன் ஏழு வீடுங்களா?"

"ஆமா" என்றார் மாமா.

"டெய்லி பேசுவோங்க. எத்தனையோ வருஷம். இன்னிக்கு நாங்க எல்லாரும் அவங்களுக்காகப் பிரேயர் வச்சிருக்கோம். ஆனா பேரு தெரியாதுங்களே. பேரு சொல்லாம எப்படிங்க கடவுள்கிட்ட கேக்குறது? அவங்க பேரு என்னங்க?"

மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கம்பியில் இரைச்சல் மட்டும் கேட்டது. அந்தப் பெண் வைத்துவிடவில்லை. காத்திருப்பது ஆபரேட்டர்களின் தொழில்.

"குலாலை" என்றார் மாமா. சரியாகக் கேட்டிருக்காது என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் உரக்க, "குலாலை. என் பொண்ணு" என்றார்.

எண்ணைச் சரிபார்ப்பதற்காகத் திருப்பிச் சொல்வார்களே, அதைப்போல அந்தப் பெண்ணும் நிதானமாகத் திருப்பிச் சொன்னாள். "குலாலை." மதராஸிலிருந்து தன் மகளின் பெயர் தனக்கே திரும்பி வருவதை மாமா கேட்டுக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. இந்தமுறை ஹூப்ளி. அந்தப் பெண் கன்னடத்தில், குலாலை வீடுதானே என்று கேட்டுத்தான் தொடங்கினாள். மதராஸ் சொல்லி அனுப்பியிருந்தது. பிறகு பூனா. பம்பாய் பேசியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ஒவ்வொன்றையும் மாமாதான் எடுத்தார். புரியாத மொழியில் பேசியவர்களிடமும் அந்தப் பெயரைச் சொல்லி, அவர்கள் திருப்பிச் சொல்லும்வரை ரிசீவரை வைக்கவில்லை.

"இவங்கெல்லாம் யாரு?" என்று கடைசியில் என்னைக் கேட்டார்.

"லைனை ஆளுக்காள் கைமாத்தி, அடுத்த எல்லை வரைக்கும் கொண்டு விடறவங்க, மாமா. இவளோடயே இருந்தவங்க."

மாமா தரையில் உட்கார்ந்தார். "இவ கேல் பெரிசு" என்றார்.

மறுநாள் காலை அவரே கல் வெட்டுபவரிடம் போனார். நானும் கூட நடந்தேன். ஒரு கல்லா என்று அவர் கேட்டார். ரெண்டு என்றார் மாமா. பழைய கல்லை எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கவேண்டும் என்று, முப்பது வருடமாக வெளியார் முன்னால் சொல்லாத தன் மனைவியின் பெயரையும் அங்கே நின்று சொன்னார். நேற்று இரண்டும் நட்டாயிற்று. ஒன்றில் ரஹ்மத். அதற்குப் பக்கத்தில், 'குலாலை, ரஹ்மத்தின் மகள்'. மதிலுக்கு வெளியே நின்றால் எழுத்துத் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிகிறது.

குலாலை, என் எல்லை வரைக்கும் உன்னோடு வந்துவிட்டேன். இனி உன்னைப் பத்திரமாகக் கொண்டுபோவது வேறொருவர் பொறுப்பு. போய் வா.

இதை எழுதும்போதும் ஊர் ஊராகத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. சத்தம் நிற்க ரிசீவரை எடுத்துக் கீழே வைத்திருக்கலாம். வைத்தால் போர்டில் விளக்கு எரியும், யாரோ ஒரு பெண் செருகியைச் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்பாள். அது அவள் குரலாக இருக்காது. அதனால் ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் போய், சுவர்ப் பெட்டியில் கம்பிகளைக் கழற்றித் தொலைபேசியை நிறுத்திவிட்டேன்.